அத்தியாயம் 6: இடதுகைப் பிட்சருக்கு அவசரம் வேண்டாம்

பேஸ்பால் மைதானத்தில் இடது கையால் எறியும் பையனுக்கு எல்லா இடமும் கிடைக்காது. செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், தேர்ட் பேஸ் மூன்றிலும் நிற்பவர் தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்த கையோடு முதல் பேஸுக்கு எறிய வேண்டும். இடதுகைக்காரர் அதற்கு உடம்பைத் திருப்பியாக வேண்டும். அதற்குள் பேட்டர் ஓடி பேஸைத் தொட்டுவிடுவார். கேட்சராகவும் இடதுகைக்காரரை யாரும் உட்கார வைப்பதில்லை. மிச்சம் இருப்பவை அவுட்ஃபீல்டின் மூன்று இடங்கள், முதல் பேஸ், பிட்சர் நிற்கும் மவுண்ட்.

மவுண்டில் மட்டும் கதை வேறு. மக்களில் பத்தில் ஒருவர்தான் இடதுகைக்காரர். மேஜர் லீக் பிட்சர்களிலோ ஏறக்குறைய நாலில் ஒருவர் இடதுகை. இடது பக்கம் நின்று ஆடும் பேட்டருக்கு இடதுகைப் பிட்சரின் பந்து முதுகுப் பக்கமிருந்து வருவது போல் தெரியும், வந்து வெளியே விலகும். சின்ன வயதிலிருந்து வலதுகைப் பந்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கோணம் பிடிபட நேரமாகும். பிட்சர் காலைத் தூக்கி நிற்கும்போது முதல் பேஸில் இருக்கும் ரன்னர் அவர் கண்ணுக்கு நேராக நிற்பார் என்பது இன்னொரு சாதகம்.

இதனால் வரும் பலன்களில் பெற்றோர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. இடதுகைப் பிட்சர்கள் குறைவு என்பதால் அவர்களுக்காகப் பயிற்சியாளர்கள் காத்திருப்பார்கள். வலதுகைப் பையன் பதினாறு வயதில் வேகம் காட்டாவிட்டால் அவனை விட்டு நகரும் ஸ்கவுட், இடதுகைப் பையனை இரண்டு வருஷம் கழித்து வந்து மறுபடி பார்ப்பார். ஆகவே அவசரப்பட வேண்டிய தேவை மற்றவர்களைவிட உங்களுக்குக் குறைவு. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்: முதலில் கை பத்திரம், பிறகு ஸ்டிரைக், பிறகு சேஞ்ச்அப், கடைசியில் வேகமும் கர்வ்பாலும். வரிசையை மாற்றாதீர்கள்.

இரண்டு பேரைப் பாருங்கள். சாண்டி கூஃபாக்ஸ் 1955இல், 19 வயதில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஆடத் தொடங்கினார். அபார வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. முதல் ஆறு சீசன்களில் 36 வெற்றி, 40 தோல்வி. 1960 முடிந்தபோது ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்ற யோசனை. அடுத்த வசந்தகாலப் பயிற்சியில் கேட்சர் நார்ம் ஷெர்ரி அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: இவ்வளவு முறுக்கிக்கொண்டு எறியாதே, கொஞ்சம் தளர்வாகப் போடு. அந்த வருஷம் 18 வெற்றி, 269 ஸ்டிரைக்அவுட். 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டும் நேஷனல் லீகில் மிகக் குறைந்த ரன் சராசரி அவருடையது.

ரேண்டி ஜான்சன் ஆறடி பத்தங்குல உயரம். 1990, 1991, 1992 மூன்று ஆண்டும் அமெரிக்கன் லீகில் அதிக வாக் கொடுத்தவர் அவர்தான். 1992இல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸின் நோலன் ரயனும் பயிற்சியாளர் டாம் ஹவுஸும் அவரைக் கவனித்து, முன்கால் குதிகாலில் இறங்குவதைச் சுட்டிக்காட்டினார்கள். முன்பாதத்தில் இறங்கப் பழகினார். அடுத்த ஆண்டு 308 ஸ்டிரைக்அவுட். வாக் எண்ணிக்கை 144இலிருந்து 99ஆக இறங்கியது. அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. உங்கள் பையன் பதினொரு வயதில் ஒரே இன்னிங்ஸில் நாலு பேருக்கு வாக் கொடுத்தால் காரில் ஏறியதும் விசாரணை தொடங்க வேண்டாம்.

எந்தக் கை?

நம் வீடுகளில் சாப்பிடுவதும் கொடுப்பதும் வலது கையால் என்றே பழக்குகிறோம். எழுதவும் வலது கைக்கு மாற்றப்பட்ட பிள்ளைகள் உண்டு. எறியும் கை எது என்பதை ஸ்பூனும் பென்சிலும் காட்டித் தராது. குளக்கரையில் கல்லைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் தள்ளி நின்று பாருங்கள். தானாக எந்தக் கை எழுகிறதோ அதுதான் எறியும் கை. முதல் கிளவ் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இடது கையால் எறிபவருக்குக் கிளவ் வலது கையில் மாட்டுவது. கடையில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை அவருக்கு உதவாது. அண்ணனின் பழைய கிளவைக் கொடுத்து ஒரு சீசனை ஓட்டினால் பிள்ளை வலது கையால் எறியக் கற்றுக்கொள்வான், அதுவும் அரைகுறையாக.

பில்லி வாக்னர் என்ற பெயர் உங்கள் காதில் விழும். பிறவி வலதுகைக்காரர். சின்ன வயதில் வலது கை இரண்டு முறை முறிந்ததால் இடது கையால் எறியப் பழகி, 422 சேவ் எடுத்து, 2025இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். இதைக் கேட்டுவிட்டு வலதுகைப் பிள்ளையை இடதுகையாக்க நினைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். வாக்னருக்கு வேறு வழி இருக்கவில்லை.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு சிக்கல் உண்டு. பந்துவீச்சில் முழங்கை மடங்கினால் குற்றம் என்று கண் பழகியிருக்கிறது. பிட்சிங்கில் முழங்கை மடங்கியே ஆக வேண்டும். ஓடி வருவதும் கிடையாது. பின்கால் ரப்பரை ஒட்டி நிற்கும், வேகம் கால், இடுப்பு, உடம்பு, தோள் என்று வரிசையாக ஏறி வந்து கடைசியில்தான் கைக்குப் போகும். ஓரத்தில் நின்று “கையை நேராக வை” என்று கத்தும் அப்பா தெரியாமலே கெடுக்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கணம்: முன்கால் தரையில் பதியும்போது எறியும் கையின் முழங்கை தோள் மட்டத்துக்கு வந்திருக்கிறதா? பக்கவாட்டில் நின்று போனில் படம் பிடித்து, அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வந்திருந்தால் இந்த வயதுக்கு அது போதும்.

வலதுகைப் பயிற்சியாளரிடம் இடதுகைப் பையன் கற்பது கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். பயிற்சியாளர் எதிரே நின்று செய்து காட்டட்டும். அவருடைய வலது பக்கம் பையனுடைய இடது பக்கத்துக்கு நேராக வரும், கண்ணாடியைப் பார்த்துச் செய்வது போல் அப்படியே செய்யலாம். பக்கத்தில் ஒரே திசை பார்த்து நின்று காட்டினால்தான் குழப்பம்.

ரப்பரில் எந்தப் பக்கம் நிற்பது, எந்த விரலை எங்கே வைப்பது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஃபாஸ்ட்பால் ஒன்று. அதை 46 அடி தூரத்திலிருந்து கேட்சர் கிளவ் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் போட முடிந்தால் லிட்டில் லீகில் அவன் நல்ல பிட்சர்.

எண்ணிக்கை நோட்டு

இந்த நூலில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்கி, பையன் போட்ட ஒவ்வொரு பிட்சையும் எண்ணி எழுதுங்கள்.

லிட்டில் லீக் 2007 முதல் பிட்ச் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு நாளில் 9, 10 வயதுக்கு 75 பிட்ச். 11, 12 வயதுக்கு 85. 13 முதல் 16 வரை 95. 17, 18க்கு 105. அதன் பிறகு ஓய்வு. 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர் 66 பிட்சோ அதற்கு மேலோ போட்டால் நாலு நாள், 51 முதல் 65 வரை என்றால் மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு, 21 முதல் 35 வரை ஒன்று. மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014இல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலும் இதே போக்கில்தான் போகிறது. வருஷத்தில் நாலு மாதம் எறிதலுக்கு விடுமுறை, அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக, என்றும் அது சொல்கிறது.

விதி இருக்கிறதே, லீக் பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளாது. ஒவ்வொரு லீகும் தன் ஆட்டத்தை மட்டும்தான் எண்ணும். சனிக்கிழமை ஊர் அணியில் 70 பிட்ச், ஞாயிற்றுக்கிழமை டிராவல் அணியில் 60, திங்கள் மாலை தனிப் பயிற்சியாளரிடம் 40 என்றால் அந்த மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் விதியைக் காப்பாற்றியிருப்பார்கள். மூட்டு ஒன்றுதான் மூன்றையும் சுமந்திருக்கும். இடதுகை என்றால் இந்த ஆபத்து அதிகம். எல்லா அணியும் அவனைக் கேட்கும். “ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் சார், எதிர் அணியில் நாலு இடதுகை பேட்டர்கள்” என்று வந்து நிற்பார்கள். நோட்டைத் திறந்து காட்டி “புதன்கிழமை வரை முடியாது” என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும். வாரக் கடைசியில் கிரிக்கெட்டும் ஆடுகிற பிள்ளை என்றால் அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். தோள் அதே தோள்தான்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் இளம் பிட்சர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 3.5 மடங்கு. அதே நிறுவனத்தின் இன்னோர் ஆய்வில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு 36 மடங்கு. சிறுவர்களின் முழங்கையில் எலும்பு வளரும் இடத்தில் இன்னும் குருத்தெலும்புதான் இருக்கும். பெரியவர்களுக்கு லிகமென்ட் அறுந்தால், சிறுவர்களுக்கு இந்த இடம் இழுபட்டு விலகும். அடையாளம், முழங்கையின் உட்பக்கம் வலி. அந்த வலி வந்தால் எறிவதை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐஸ் வைத்து மறுநாள் அனுப்பக் கூடாது.

பையன் தானாகச் சொல்ல மாட்டான். “கை எப்படிடா இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்குப்பா” என்றுதான் பதில் வரும், ஏனென்றால் ஆட வேண்டும் அவனுக்கு. கேள்வியை மாற்றுங்கள். “எந்த இடம் இறுக்கமா இருக்கு, தொட்டுக் காட்டு” என்றால் விரல் போகும் இடம் உண்மையைச் சொல்லிவிடும். ஆட்டத்தின் நடுவே நீங்களே பார்க்கலாம். பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறும், அதுவும் இடது பக்கமாக. முழங்கை தோள் மட்டத்திலிருந்து இறங்கும். இரண்டு பிட்சுக்கு நடுவே கையை உதறுவான், தொப்பியைச் சரிசெய்வான், நேரம் கடத்துவான். 85 என்பது அனுமதிதான், இலக்கு இல்லை. இந்த அறிகுறிகள் 48வது பிட்சில் தெரிந்தால் 48இல் எழுந்து போய் கோச்சிடம் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் இடதுகைப் பையனுக்கு ஒரு அதிர்ஷ்டம். வலதுகைப் பிட்சர்கள் மற்ற நாட்களில் ஷார்ட்ஸ்டாப்பாகவோ கேட்சராகவோ இருப்பார்கள். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிய வேண்டும். 41 பிட்சோ அதற்கு மேலோ போட்டவர் அன்று கேட்சராக இருக்கக் கூடாது என்று லிட்டில் லீக் விதியே வைத்திருப்பது அதனால்தான். உங்கள் பையனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிட்ச் போட்ட மறுநாள் ஆட்டம் இருந்தால் முதல் பேஸில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே வாங்கும் பந்துதான் அதிகம், எறியும் பந்து குறைவு.

கை போனால் டாமி ஜான் அறுவை சிகிச்சை இருக்கிறதே என்று சிலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. அந்தப் பெயருக்கு உரியவரும் இடதுகைப் பிட்சர்தான். 1974இல் லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவரது வலது கையிலிருந்து எடுத்த நாரை இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். 1975 முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்து மேலும் 164 ஆட்டங்களை வென்றார். இந்த வெற்றிக்கதைதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. அறுவைக்குப் பிறகு கை முன்பைவிட பலமாகும் என்பது பொய். ஒரு வருஷத்துக்கு மேல் மறுவாழ்வுப் பயிற்சி, திரும்பி வராமலே போனவர்கள் ஏராளம். பிரேடி ஐக்கன் 2014 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான இடதுகைப் பள்ளிப் பிட்சர். முழங்கை லிகமென்ட் பிரச்சினையால் ஒப்பந்தம் நின்றது, மறு ஆண்டு அறுவை, பிறகு மேஜர் லீகை எட்டவே இல்லை. 2007க்கும் 2011க்கும் இடையே அமெரிக்காவில் நடந்த இந்த அறுவைகளில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு நடந்தவை.

ஓய்வு மாதங்களில் நீச்சல், கூடைப்பந்து, ஓட்டம் எதுவாவது ஆடட்டும். பல விளையாட்டில் வளர்ந்த உடம்பு வீணாகாது. உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங் ஈட்டி எறிந்தவர். 2008இல் மில்லியன் டாலர் ஆர்ம் போட்டிக்கு முன் பேஸ்பாலைக் கையில் எடுத்ததில்லை. இடது கையால் மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து வென்றார், அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தமும் கிடைத்தது. (ஐபிஎல் ரிங்கு சிங் வேறு ஆள்.) அமெரிக்காவில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், ரேண்டி ஜான்சனின் குதிகாலைக் கவனித்த அதே டாம் ஹவுஸ். அவரும் இடதுகைப் பிட்சராக இருந்தவர்.

சேஞ்ச்அப்

பதினொன்று, பன்னிரண்டு வயதில் இரண்டாவது பிட்ச் கேட்பான். கர்வ்பால் என்றுதான் கேட்பான், அதில்தான் கைதட்டல் கிடைக்கும். சேஞ்ச்அப் கற்றுக்கொடுங்கள்.

இடதுகைக்கு இது இரட்டிப்பு அவசியம். அவனை எதிர்கொள்ளும் பேட்டர்களில் பெரும்பாலோர் வலது கை. 2020 முதல் மேஜர் லீகில் உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்குப் போட வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஒரே ஒரு இடதுகை பேட்டரை அவுட்டாக்கிவிட்டு ஓய்வறைக்குப் போகும் இடதுகைக்காரரின் உத்தியோகம் அதோடு முடிந்தது. வலதுகை பேட்டரை அடக்கத் தெரியாத இடதுகைக்காரருக்கு இனி வேலை இல்லை. அந்த பேட்டரிடமிருந்து விலகிப் போகும் பிட்ச் சேஞ்ச்அப். டாம் கிளாவின் வேகத்துக்குப் பேர் போனவர் அல்ல. வெளி விளிம்பில் ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்அப்பும் மாறி மாறிப் போட்டே 305 ஆட்டம் வென்றார்.

பிடிப்பு இப்படி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் வளையமாகச் சேரும். நடுவிரலும் மோதிர விரலும் மேலே, தையலுக்குக் குறுக்கே. சுண்டுவிரல் மறுபக்கம். பந்து விரல் நுனியில் நிற்காமல் உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். சின்னக் கைக்கு வளையம் எட்டாது. அப்போது மூன்று விரலை மேலே வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் இரு பக்கமும் வைக்கச் சொல்லுங்கள், வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். கையின் வேகம் ஃபாஸ்ட்பாலுக்குப் போலவே இருக்க வேண்டும். பந்தின் வேகத்தைப் பிடிப்பு குறைத்துக்கொள்ளும். பையன்கள் எல்லோரும் முதலில் கையை மெதுவாக்குவார்கள், பேட்டர் அதைக் கண்டுபிடித்து அடித்துத் தள்ளுவான். எனவே ஸ்டிரைக் விழுகிறதா என்று பார்க்காதீர்கள். சாதாரணமாக கேட்ச் ஆடும்போதே பாதிப் பந்துகளை இந்தப் பிடிப்பில் முழு வேகக் கையோடு எறியட்டும். ஒரு சீசன் பிடிக்கும்.

கர்வ்பால், ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்அப்பும் நினைத்த இடத்தில் விழத் தொடங்கிய பிறகு. பதினாலு வயது வாக்கில்.

பதின்மூன்றுக்கு மேல்

தூரம் கூடுகிறது. 46 அடியிலிருந்து 50, 54 என்று போய் உயர்நிலைப் பள்ளியில் 60 அடி 6 அங்குலம். இதே காலத்தில் ஒரே வருஷத்தில் நாலு அங்குலம் வளர்வான், நேற்று வரை வந்த ஸ்டிரைக் இன்று வராது. கை கால் நீளம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எறியும் முறையை மாற்றாமல் ஆறு மாதம் விட்டுவிடுங்கள்.

பிக்ஆஃப் கற்க இதுதான் வயது. பன்னிரண்டு வயது வரை லிட்டில் லீகில் பந்து பேட்டரை எட்டும் முன் ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது என்பதால் அதுவரை அதற்கு வேலையே இல்லை. இப்போது ரன்னர்கள் முன்னேறி நிற்பார்கள். வலது காலைத் தூக்கிய நிலையில் இடதுகைப் பிட்சர் ஹோமுக்கும் எறியலாம், முதல் பேஸுக்கும் எறியலாம். ரன்னருக்கு எது என்று தெரியக் கூடாது. தூக்கிய பாதம் ரப்பரின் பின்விளிம்பைத் தாண்டிவிட்டால் ஹோமுக்குத்தான் எறிய வேண்டும், செகண்ட் பேஸுக்கு எறிவது மட்டும் விலக்கு. மீறினால் பாக், ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம். முதல் பேஸுக்கு எறியும்போது கால் அந்தப் பக்கமாக வைக்கப்பட வேண்டும். ஹோமுக்கும் முதல் பேஸுக்கும் நடுவே 45 டிகிரியில் ஒரு கோடு இருப்பதாக அம்பயர்கள் மனதில் வைத்துப் பார்ப்பார்கள். கார் நிறுத்தும் இடத்தில் சாக்பீஸால் அந்தக் கோட்டை வரைந்து, பந்தே இல்லாமல் பழகலாம். தலையையும் கவனியுங்கள். ஹோமைப் பார்த்தால் ஹோமுக்கு, பேஸைப் பார்த்தால் பேஸுக்கு என்று பழகியவனை ரன்னர் மூன்றே பிட்சில் படித்துவிடுவான். இடதுகைப் பிட்சர் ஆண்டி பெட்டிட்டின் பழைய ஆட்டங்களைப் போட்டு, அவர் முழங்கால் உயரும் இடத்தில் நிறுத்தி, எங்கே எறியப்போகிறார் என்று பையனை ஊகிக்கச் சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றிய கவலை பதினாறில் வரும். எடை கூடிய பந்துகளைக் கொண்டு வேகம் கூட்டும் பயிற்சிகள் விற்பனையாகின்றன. அவற்றால் வேகம் கூடுவது உண்மை. காயம் கூடுவதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. வளர்ச்சி முடியாத கைக்கு வேண்டாம் என்பது என் முடிவு. காலுக்கும் முதுகுக்கும் வலு ஏற்றுங்கள், நன்றாகச் சாப்பிட வையுங்கள். சைவ வீடு என்றால் பருப்பு, பனீர், தயிர், வேர்க்கடலை என்று புரதத்தைத் திட்டமிட்டுக் கொடுங்கள். தட்டு நிறையச் சாதம் மட்டும் போதாது. ஜேமி மோயர் மணிக்கு 80 மைலை ஒட்டிய ஃபாஸ்ட்பாலோடு 2012இல், 49 வயதில், மேஜர் லீக் ஆட்டம் ஒன்றை வென்றார். அவரும் இடதுகை.

பள்ளி முடியும்போது டிராஃப்டா கல்லூரியா என்ற கேள்வி வெகு சிலருக்கே வரும். 2021 முதல் டிராஃப்ட் 20 சுற்றுதான். நாலு வருஷக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது 21 வயது வரை காத்திருக்க வேண்டும். முதல் சில சுற்றுகளின் தொகை இல்லையென்றால் கல்லூரி என்று நான் தயங்காமல் சொல்வேன். இடதுகைக்கு 21 வயதிலும் சந்தை இருக்கும், கையில் பட்டமும் இருக்கும். முழு உதவித்தொகை பேஸ்பாலில் அபூர்வம் என்பதால் படிப்புக்காகக் கிடைக்கும் உதவியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் அணிப் பட்டியலை எடுத்து, இடதுகைப் பிட்சர்கள் எத்தனை பேர், யார் யார் எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று பாருங்கள். முதலாண்டிலும் இரண்டாம் ஆண்டிலுமாக ஐந்து பேர் இருக்கிற பெரிய கல்லூரியைவிட, இருக்கும் இரண்டு பேரும் அடுத்த மே மாதம் பட்டம் வாங்கிப் போகிற சின்னக் கல்லூரியில் உங்கள் பையனுக்கு மவுண்ட் சீக்கிரம் கிடைக்கும்.